மைக்ரோசிஸ்டின் நொதிகளை ஆராயத் தொடங்குவோர்க்கு: சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

உயிரித்தொழில்நுட்பம், தாவரவியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் படித்து, முதுகலை இறுதிப் பருவத்திலோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டிலோ இருந்துகொண்டு, "நீலப்பச்சைப் பாசி எப்படி நஞ்சைத் தயாரிக்கிறது என்று பார்" என்ற ஒற்றை வரியைத் தலைப்பாகப் பெற்றிருக்கும் சென்னை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே பேசப்படும் நஞ்சு மைக்ரோசிஸ்டின். நான் இந்த வேலையில் இறங்கியபோது ஆய்வு நெறிமுறைகள் ஓரிடத்திலும், அனுமதிக்கான விதிகள் வேறோரிடத்திலும், விலை விவரங்கள் விற்பனைப் பிரதிநிதிகளின் வாய்மொழியிலும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் அலைந்து கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

பெரும்பாலோர் தலைப்பு கிடைத்த மறுநாளே பாட்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். நீங்கள் அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எந்த நொதியின் எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறோம் என்பது முடிவாகாமல் எடுத்து வரும் நீரும் வாங்கி வைக்கும் வேதிப்பொருளும் குளிர்பெட்டியில் இடத்தை அடைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவுவதில்லை.

1. நொதி வரிசையைத் தாளில் வரைந்து படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும். ஆனால் குறைந்தது ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். இதில் அவசரப்படுபவர்களே பின்னால் பிரைமரைத் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் பாடநூல்களில் வரும் புரதங்கள் ரைபோசோமில் உருவாகின்றன. மைக்ரோசிஸ்டின் அப்படி உருவாவதில்லை. அமினோ அமிலங்களின் வரிசையைத் தம் அமைப்பிலேயே தாங்கியிருக்கும் மாபெரும் நொதிகள், ரைபோசோமின் துணையின்றி, ஏழு உறுப்புகள் கொண்ட வளையப் பெப்டைடாக அதைக் கட்டுகின்றன. ரைபோசோம் சாராப் பெப்டைடு சிந்தடேஸ் எனப்படும் இவற்றை ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக என்ஆர்பிஎஸ் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு நொதியும் மாட்யூல்களாகவும் ஒவ்வொரு மாட்யூலும் ஆளுக்கொரு வேலை செய்யும் டொமைன்களாகவும் பிரிந்திருக்கும். ஒரு மாட்யூல் பொதுவாக ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்கும்.

ஒரு மாட்யூலை மட்டும் நெருங்கிப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். ஏ டொமைன் தனக்குரிய அமினோ அமிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஏடிபியைச் செலவழித்து, அதை வினைக்குத் தயாரான நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்துள்ள பிசிபி டொமைனில், ஒரு செரின் மீது பாஸ்போபான்டெதீன் என்ற நெகிழ்வான கை ஒட்டியிருக்கும்; அந்தக் கையின் நுனியிலுள்ள கந்தகம் அமினோ அமிலத்தைத் தயோஎஸ்டர் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். சி டொமைன், முந்தைய மாட்யூலின் கையில் தொங்கும் சங்கிலியை இந்த அமினோ அமிலத்தோடு பெப்டைடு பிணைப்பால் இணைக்க, சங்கிலி முழுவதும் ஒரு மாட்யூல் முன்னேறிவிடும். இடையில் எபிமரேஸ் டொமைன் இருந்தால் எல் வடிவம் டி வடிவமாகும். மெத்தில்டிரான்ஸ்பரேஸ் இருந்தால் ஒரு மெத்தில் தொகுதி கூடும். கடைசி மாட்யூலின் தயோஎஸ்டரேஸ் டொமைன் சங்கிலியைக் கையிலிருந்து கழற்றி, தலையையும் வாலையும் சேர்த்து வளையமாக்கும்.

இப்போது மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா பிசிசி 7806 என்ற வகையின் மரபணுக் கூட்டத்தை வரையுங்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான அதன் வரைபடமே இத்துறையில் இன்றும் அடிப்படை. நீளம் சுமார் 55,000 கார இணைகள். எம்சிஒய்-ஏ முதல் எம்சிஒய்-ஜே வரை பத்து மரபணுக்கள். ஏ, பி, சி ஒரு திசையிலும் டி முதல் ஜே வரை எதிர்த்திசையிலும் படியெடுக்கப்படுகின்றன. ஆனால் கட்டுமானம் ஜி, டி, இ, ஏ, பி, சி என்ற வரிசையில் நடக்கிறது. ஜி, டி, இ ஆகிய மூன்றும் ஆடா என்ற 20 கார்பன் கொண்ட வினோத அமினோ அமிலத்தை உருவாக்குகின்றன. இந்தப் பகுதியில் என்ஆர்பிஎஸ் மட்டுமன்றி, கொழுப்பமிலத் தொகுப்பை ஒத்த முறையில் மலோனைல் அலகுகளை அடுக்கும் பிகேஎஸ் (பாலிகீட்டைடு சிந்தேஸ்) மாட்யூல்களும் கலந்திருக்கின்றன. ஆடாவின் அமினோ தொகுதியை வைப்பது எம்சிஒய்-இ நொதியிலுள்ள அமினோடிரான்ஸ்பரேஸ் டொமைன். அதே நொதி குளுட்டமேட்டையும் சேர்க்கிறது. எம்சிஒய்-ஏ முதலில் செரினை எடுத்து, அது பின்னர் மெத்தில்டிஹைட்ரோஅலனினாக மாறுகிறது. அடுத்த மாட்யூலில் அலனினைச் சேர்த்து டி வடிவமாக்குகிறது. எம்சிஒய்-பி லியூசினையும் மெத்தில் அஸ்பார்ட்டேட்டையும், எம்சிஒய்-சி ஆர்ஜினினையும் சேர்க்க, அங்கேயே வளையம் மூடுகிறது. எஃப், ஐ, ஜே துணை நொதிகள். ஹெச் நஞ்சைக் கடத்தும் புரதமாகக் கருதப்படுவது.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நூல்களில் மைக்ரோசிஸ்டினின் உறுப்புகளுக்கு எண்ணிடும்போது டி-அலனினை 1 என்று தொடங்கி, ஆடாவை 5 என்பார்கள். நொதிகளோ ஆடாவிலிருந்து தொடங்குகின்றன. எனவே நொதி வரிசைப்படி எழுதினால் 5, 6, 7, 1, 2, 3, 4 என்று வரும். இரண்டு எண் முறைகளையும் வெவ்வேறு நிறத்தில் ஒரே தாளில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும்.

இரண்டாவது இடறல்: பாசிகளின் பெப்டைடுகள் எல்லாமே என்ஆர்பிஎஸ் வழியில் வருபவை அல்ல. சயனோபாக்டின், மைக்ரோவிரிடின் போன்றவை ரைபோசோமில் உருவாகிப் பின்னர் வெட்டித் திருத்தப்படுபவை. உங்கள் தலைப்பில் இருப்பது எந்தப் பெப்டைடு என்பதைப் பேராசிரியரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2. கணினியில் செலவில்லாமல் ஒத்திகை பாருங்கள்

என்சிபிஐ என்ற மரபணுத் தரவுத்தளத்திலிருந்து பிசிசி 7806 மரபுத்தொகுதியை இறக்கி, இத்தகைய மரபணுக் கூட்டங்களைக் கண்டுபிடித்துக் காட்டும் ஆன்டிஸ்மேஷ் என்ற இலவச இணையக் கருவியில் ஏற்றுங்கள். நீங்கள் தாளில் வரைந்ததும் அது காட்டுவதும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விடை தெரிந்த வகையை முதலில் ஓட்டிப் பார்ப்பது, பின்னர் தெரியாத வகையில் வரும் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கற்றுத்தரும்.

உங்கள் கையில் இருப்பது துண்டுதுண்டான வரைவு மரபுத்தொகுதி என்றால், 55,000 கார இணை நீளமும் ஒன்றையொன்று ஒத்த மாட்யூல்களும் கொண்ட இந்தக் கூட்டம் பல துண்டுகளில் உடைந்து கிடக்கும். அதைப் பார்த்து "மரபணு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அதுபோலவே, ஏ டொமைனின் பிணைப்புக் குழியை அமைக்கும் அமினோ அமிலங்களை வைத்து அது எந்த அமினோ அமிலத்தை எடுக்கும் என்று கருவி ஊகிப்பது ஒரு குறிப்பு மட்டுமே. எம்சிஒய்-பி நொதியின் முதல் ஏ டொமைன் வகைக்கு வகை வேறுபடுகிறது. சிலவற்றில் அந்தப் பகுதி எம்சிஒய்-சி மரபணுவின் பகுதியோடு மறுசேர்க்கையில் மாறியிருப்பதால், லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வருகிறது. 200-க்கும் மேற்பட்ட மைக்ரோசிஸ்டின் வடிவங்கள் அறியப்பட்டிருப்பதற்கு இத்தகைய நெகிழ்வும் ஒரு காரணம். முதுகலைத் திட்டத்துக்கு இந்த ஒரே டொமைன் போதும் என்பது என் கருத்து.

3. ஆவணங்களை இணையாகத் தொடங்குங்கள்

ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பங்களை அனுப்பிவிட வேண்டும், ஏனெனில் இவற்றின் வேகம் உங்கள் கையில் இல்லை. துறைத்தலைவர் கையொப்பமிட்ட மாணவர் சான்றுக் கடிதம், வழிகாட்டியின் கடிதம், அடையாள அட்டை நகல், எந்த இடத்தில் எவ்வளவு நீர் எதற்காக எடுக்கப்படுகிறது என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதம் ஆகிய நான்கையும் பல படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கடிதம் தமிழில் இருக்கட்டும். கரையில் காவலுக்கு இருப்பவரும் அதைப் படித்துப் பார்ப்பார்.

நீர்நிலை யாருடையது என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் போன்ற ஏரிகளுக்கு நீர்வளத்துறையை அணுக வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களின் கோயில் குளங்களுக்கு அந்தந்தக் கோயிலின் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வனத்துறையின் அனுமதி தேவை. "சாலையோரத்திலிருந்து ஒரு பாட்டில்தானே" என்ற வாதம் அங்கே எடுபடாது. குடிநீர் ஏரி என்றால் கடிதத்தில் "நச்சு" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டுப் பதற்றத்தைக் கிளப்பாதீர்கள். "நீலப்பச்சைப் பாசிகளின் மரபணு ஆய்வு" என்பதும் உண்மையே. ஓர் அலுவலகத்தில் என் கடிதம் மேசை மேசையாக நகர்ந்ததற்கு அந்த ஒரு சொல்லே போதுமான காரணமாக இருந்தது. கடிதத்தின் உள்ளே நோக்கத்தை முழுமையாக எழுதிவிடுங்கள். மறைப்பது வேறு, பதமாகச் சொல்வது வேறு.

பாசியையோ அதன் டிஎன்ஏவையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தாலும், வெளிநாட்டு ஆய்வாளர் உங்களோடு சேர்ந்திருந்தாலும், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் குறுக்கே வரும். இதற்கான தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் தரமணியிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு விதிகளும் மாறியிருப்பதால், மூத்த மாணவர்கள் தரும் பழைய படிவத்தைப் பயன்படுத்தாமல் ஆணையத்தின் தளத்திலுள்ள இப்போதைய படிவத்தையே எடுங்கள். தூய மைக்ரோசிஸ்டினை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழும் வருவதால், அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

நொதியின் ஒரு பகுதியை ஈ.கோலையில் குளோன் செய்யப் போகிறீர்கள் என்றால், உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். இந்தக் குழு நினைத்தபோதெல்லாம் கூடாது. அடுத்த கூட்டம் எப்போது என்பதைக் கேட்டு, அதற்கு முன் விண்ணப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். எலிகளில் நச்சுத்தன்மை பார்க்கும் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடும்படி வழிகாட்டியிடம் பேசுங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனிக் கதை, உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

4. பாசியைப் பெறுங்கள்

வாங்குவதா, எடுப்பதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். நொதியே உங்கள் கேள்வி என்றால், அடையாளம் காணப்பட்ட வளர்ப்பை உள்நாட்டுச் சேமிப்பகத்திலிருந்து பெறுவதே சிக்கனம். புது தில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல்சார் சயனோபாக்டீரியா தேசிய மையத்திலும் சேமிப்பகங்கள் உள்ளன. திருச்சியில் இருப்பவை பெரும்பாலும் கடல் வகைகள் என்பதால் பேரினத்தையும் ஊடகத்தையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள். பாரிஸிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரவழைப்பது சுங்கச் சோதனையையும் வழியில் பாசி செத்துப்போகும் அபாயத்தையும் சேர்த்து வாங்குவதாகும்.

ஏரியிலிருந்து எடுப்பதாக இருந்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் நீர்நிலைகள் கலங்கி அலசப்படும். மழைக்குப் பிந்தைய அசைவற்ற, வெயில் ஏறும் மாதங்களே பாசிப் படலத்துக்கு ஏற்றவை. அதிகாலையில் போங்கள். மைக்ரோசிஸ்டிஸ் தன் செல்லுக்குள் வாயுப் பைகளை வைத்திருப்பதால் காற்றில்லாத காலை வேளையில் மேலே மிதந்து, பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் கரையோரம் ஒதுங்கியிருக்கும். பச்சையாக இருப்பதெல்லாம் அதுவல்ல. ஆகாயத்தாமரைக்கு அடியிலும் சாக்கடை கலக்கும் மூலையிலும் யூக்ளினா படலமே அடிக்கடி ஏமாற்றும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், கோழைக்குள் சிதறிய சிறு உருண்டைகள், வாயுப் பைகளால் கருமையாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

கையுறை அவசியம், சேர்ந்திருக்கும் படலத்தில் வெறுங்கையை விடாதீர்கள். நஞ்சை அளக்கும் மாதிரிக்குக் கண்ணாடிப் பாட்டிலே எடுங்கள், ஏனெனில் சில பிளாஸ்டிக்குகளில் மைக்ரோசிஸ்டின் ஒட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் மூன்று பங்கு எடுங்கள்: எண்ணுவதற்கு லூகோல் அயோடின் கலந்தது, டிஎன்ஏவுக்கும் நஞ்சுக்கும் எதுவும் கலக்காதது, வளர்ப்புக்கு உயிரோடு உள்ளது. சென்னை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் பேருந்தில் கொண்டுவந்த மாதிரியை நம்பி எதையும் எழுத முடியாது.

வளர்ப்புக்கு பிஜி-11 ஊடகம், 25 பாகை, மங்கிய ஒளி. வெளிச்சம் கூடினால் வேகமாக வளரும் என்று நினைத்து விளக்கருகில் வைத்தால் வெளுத்துவிடும். விடுமுறையில் ஏசியை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உள்ள துறை என்றால், வளர்ப்பின் இன்னொரு பிரதியை வேறொரு ஆய்வுக்கூடத்தில் வையுங்கள். வளர்ப்பில் சில தலைமுறைகளுக்குப் பின் கூட்டமாக இருந்த செல்கள் தனித்தனியாகப் பிரிவது இயல்பு. மாசு என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம்.

5. மரபணு இருக்கிறதா என்று பாருங்கள்

மைக்ரோசிஸ்டிஸைச் சுற்றியுள்ள கோழை, டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து பிசிஆரை முடக்கும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260க்கு 230 ஒளி உறிஞ்சல் விகிதம் குறைவாக இருந்தால் டிஎன்ஏவை மேலும் நீர்த்து ஓட்டிப் பாருங்கள். பலமுறை அதுவே போதும். முதலில் எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவுக்கான பிரைமர், பிறகே எம்சிஒய் பிரைமர். 16எஸ் வராத மாதிரியில் எம்சிஒய் வரவில்லை என்பது ஒரு முடிவே அல்ல.

எந்த மரபணுவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் முதல் படியில் வரைந்த தாள் பயன்படும். பிளாங்க்டோத்ரிக்ஸ் பேரினத்தின் கூட்டத்தில் எம்சிஒய்-எஃப் கிடையாது. எனவே பேரினம் தெரியாத ஏரி நீருக்கு அது உதவாது. ஆடாவுக்கு அமினோ தொகுதியை வைக்கும் எம்சிஒய்-இ டொமைன் மைக்ரோசிஸ்டினுக்கும் அதன் உறவு நஞ்சான நோடுலாரினுக்கும் பொதுவானது. அதைக் குறிவைக்கும் ஹெச்இபி பிரைமர் இணை 472 கார இணை நீளத் துண்டைத் தரும். தொடக்கத்துக்கு இதைப் பரிந்துரைப்பேன். பிரைமருக்குக் கார எண்ணிக்கைப்படியே விலை போடுவார்கள் என்பதால் இது மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. நேர்க்கட்டுப்பாட்டு டிஎன்ஏ, அதாவது அந்த மரபணு இருப்பது உறுதியான டிஎன்ஏ, கிடைப்பதே கடினம். பிசிசி 7806 வைத்திருக்கும் வேறொரு ஆய்வுக்குழுவிடம் வழிகாட்டி மூலமாகக் கேளுங்கள். பட்டை தெரிந்ததும் வரிசையறியக் கொடுத்து உறுதிசெய்யுங்கள்.

மரபணு இருப்பதும் நஞ்சு இருப்பதும் ஒன்றல்ல. நடுவில் ஒரு டொமைன் சிதைந்திருந்தாலே வரிசை முழுவதும் நின்றுவிடும்; நீங்கள் பெருக்கிய துண்டோ நலமாகவே இருக்கும்.

6. நஞ்சை அளந்து பாருங்கள்

நஞ்சின் பெரும்பகுதி செல்லுக்குள் இருப்பதால், உறையவைத்து உருக்கிச் செல்களை உடைத்து, நீர் கலந்த மெத்தனாலில் பிரித்தெடுக்க வேண்டும். அளப்பதற்கு எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் எலிசா, மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை அளக்கும் எல்சி-எம்எஸ் என இரு வழிகள். ஆடாவை அடையாளம் காணும் எலிசா, வடிவம் எதுவானாலும் மொத்த அளவைச் சொல்லும். எந்த வடிவம் என்று சொல்லாது. எல்சி-எம்எஸ்ஸில் லியூசினும் ஆர்ஜினினும் கொண்ட மைக்ரோசிஸ்டின்-எல்ஆர், நிறை-மின்சுமை விகிதம் 995.5 என்ற இடத்தில் தோன்றும். துண்டாக்கினால் ஆடாவிலிருந்து 135 என்ற துண்டு வரும். இரண்டும் சேர்ந்து வந்தாலொழிய பெயரை எழுதாதீர்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் நீண்டகால வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். உங்கள் முறை அதற்கும் கீழே அளக்கவல்லதா என்று பாருங்கள்.

பணம் கரைவது இந்தப் படியில்தான். தூய மைக்ரோசிஸ்டின் மைக்ரோகிராம் கணக்கில் விற்கப்படுகிறது. எலிசா தட்டில் 96 குழிகள், அவற்றில் அளவுகோலுக்கும் (அளவு தெரிந்த நஞ்சுக் கரைசல்) ஒவ்வொன்றையும் இருமுறை ஓட்டுவதற்கும் போக எஞ்சுபவையே மாதிரிக்கு. காலாவதித் தேதியும் உண்டு. மாதிரிகளை உறையவைத்துச் சேர்த்து ஒரே தட்டில் முடித்துவிடுங்கள். எல்சி-எம்எஸ்ஸுக்கு ஐஐடி மெட்ராஸின் நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையத்தையும், ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவாகியுள்ள மற்ற மையங்களையும் விசாரியுங்கள். கட்டணம் கல்வி நிறுவனம், தொழில் நிறுவனம் என்று தரம்பிரித்து வாங்கப்படும் என்பதால் மாணவர் சான்றுக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். காய்ச்சினாலும் மைக்ரோசிஸ்டின் எளிதில் சிதையாது.

7. நொதியைத் தனியே எடுக்க விரும்பினால்

முனைவர் பட்டத்தினர் மட்டும் இதற்குள் வாருங்கள். எம்சிஒய்-டி போன்ற நொதி 400 கிலோடால்டனுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. முழு நொதியை ஈ.கோலையில் எடுக்க முயல்வது காலத்தைத் தின்னும். ஓர் ஏ டொமைனையோ ஒரு மாட்யூலையோ எடுங்கள். பிசிபி டொமைனும் சேர்ந்திருந்தால், பாஸ்போபான்டெதீன் கையை ஒட்டவைக்கும் நொதி ஈ.கோலையின் சாதாரண வகைகளில் இந்த வேலைக்குப் போதாது. பேசில்லஸ் சப்டிலிஸிடமிருந்து பெற்ற எஸ்எஃப்பி மரபணுவைத் தாங்கிய வகை தேவை. ஏ டொமைன் எந்த அமினோ அமிலத்தை எடுக்கிறது என்பதைச் சோதிக்கப் பழைய கட்டுரைகள் கதிரியக்கப் பாஸ்பரஸைப் பயன்படுத்தும். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உள்ள கூடம் வேண்டும். ஹைட்ராக்சிலமினைக் கொண்டு நிறமாற்றத்தால் அளக்கும் முறைக்குச் சாதாரண நிறமாலைமானியே போதும்.

8. கொள்முதலும் காலமும்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. செலவாகாத தொகை திரும்பிப் போகக்கூடும், புதிய ஆண்டின் தொகை உடனே வந்து சேருவதும் இல்லை. எனவே இறக்குமதியாகும் நச்சு அளவுகோலுக்கான கொள்முதல் ஆணை டிசம்பருக்குள் போய்விட வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள், ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தத் தொகை, குளிர்நிலையில் அனுப்பும் கட்டணம், விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாள் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். அரசு நிறுவனமாயின் ஜெம் என்ற அரசு மின்கொள்முதல் தளத்தில் அப்பொருள் இல்லை என்ற அறிக்கையும் கேட்கப்படலாம்; அதைக் கொள்முதல் பிரிவில் முன்பே விசாரியுங்கள். டிசம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும் முதுகலைத் திட்டம் என்றால் நான்காம் படியில் வளர்ப்பை வாங்குவதும் ஐந்தாம் படியோடு நிறுத்துவதும் போதும். பொட்டலம் வெள்ளிக்கிழமை வந்து வாயிற்காவலரிடம் இரண்டு நாள் கிடக்காமலிருக்க, திங்கள் முதல் புதனுக்குள் அனுப்பும்படி விற்பனையாளருக்கு எழுதுங்கள். பெறுநர் பெயரோடு உங்கள் கைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.